‘ஏதோ கெடக்கோம்’ பொன்னுலிங்கம்

கோட்டாறு கம்போளச் சந்தையில் வாழைக்குலை மொத்தக்கடை வைத்திருந்த பொன்னுலிங்கத்தைப் பார்த்து, “சொகமா இருக்கியளா?” என்று கேட்கிறவன் அன்றைக்கு வேறு வேலை இல்லாதவனாக இருக்க வேண்டும். கேட்டால் போயிற்று. தோளில் கிடக்கும் துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒரு பெருமூச்சு விடுவார். “என்னத்தச் சொல்ல, ஏதோ கெடக்கோம்” என்று ஆரம்பிப்பார். முட்டுவலியில் தொடங்கி, காற்றில் சாய்ந்த வாழை, கிணற்றில் இறங்கிப்போன தண்ணீர், கூரையில் ஏறிய கரையான் என்று ஒவ்வொன்றாக இறக்கி வைப்பார். கேட்டவன் தன் கவலையை மறந்து, ‘பாவம் மனுசன்’ என்று இரண்டு சீப்பு மட்டிப்பழம் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவான்.

இதில் ஒரு வார்த்தைகூட உண்மை கிடையாது. முட்டுவலி மட்டும் கொஞ்சம் உண்டு.

நாஞ்சில் நாட்டில் யாரும் “நான் நல்லா இருக்கேன்” என்று பச்சையாகச் சொல்லிவிட மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். சொன்னால் கண்ணு பட்டுவிடும். நெல் நன்றாக விளைந்திருந்தால் ‘மோசமில்ல’ என்பார்கள். பேரன் பிறந்தால் ‘ஒண்ணு கெடக்கு’ என்பார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் வீட்டுக்கு வேலி கட்டுகிறார்கள் என்றால் பொன்னுலிங்கம் கோட்டையே கட்டினார். பலா மரம் அடியிலிருந்து நுனிவரை காய்த்தபோது, “காச்சுத் தொலைச்சிருக்கு, யாரு திங்கது?” என்றார். பசு கிடாரிக் கன்று போட்டபோது, “இனி இதுக்கும் வைக்கோலு வாங்கணும்” என்றார். ஒரே மகள் தேவகனி பள்ளிக்கூடப் பரீட்சையில் ஜெயித்து மிட்டாயோடு வந்தபோது, “தோத்திருந்தா அடுப்படி வேலையாவது படிச்சிருப்பா” என்றார். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா, திருவிதாங்கூரோடே கிடக்குமா என்று காப்பிக்கடை தோறும் மண்டை உடைந்துகொண்டிருந்த காலம் அது. அதைப் பற்றிக் கேட்டாலும், “எங்க கொண்டு சேத்தாலும் எனக்க முட்டுவலி மாறவா போவுது?” என்பார்.

வீட்டுக்குள்ளே வந்து பார்க்க வேண்டும் அந்த மனிதரை. நடையைத் தாண்டியதும் முகம் மாறிவிடும். கிணற்றடியில் குளிக்கும்போது பாட்டு. சாப்பிட உட்கார்ந்தால் மனைவி அன்னக்கிளி கடைக்கு வருகிறவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். தேவகனி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தலையில் தட்டிக்கொள்வாள். இவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் கையைக் காட்டி, “நிறுத்துட்டி, நிறுத்து” என்பார். கோட்டாற்றில் அதைவிடச் சந்தோஷமான வீடு இருந்ததா என்றால் எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் தெருவுக்குப் போய்விடக் கூடாதென்று அவர் ஜன்னலை மட்டும் எழுந்து சாத்துவார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் குமாரதாஸ் பெண் பார்க்க வந்தார்.

குமாரதாஸ், அன்னக்கிளிக்குப் பெரியப்பா வழியில் அண்ணன் முறை. சின்ன வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி, ஈப்போ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்து கணக்கெழுதிக் காலத்தைக் கழித்தவர். சண்டை முடிந்து, சுதந்திரம் வந்த வருடம் ஊர் திரும்பினார். மனைவி அங்கேயே இறந்துபோனாள். மகன் செல்வதாசோடு ராஜாக்கமங்கலத்தில் தென்னந்தோப்பு வாங்கி, ஓடு போட்ட பெரிய வீடும் கட்டினார். வசதிக்குக் குறைவில்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாரைப் பார்த்தாலும், “சந்தோசமா இருக்கியளா?” என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவார். ராஜாக்கமங்கலத்துக்காரர்கள் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அவர் வருவதைக் கண்டால் தோப்புக்குள் இறங்கி நடக்கிறவர்களும் உண்டு.

அவருடைய மகன் செல்வதாசைத் தேவகனி சவேரியார் கோயில் திருவிழாவில் பார்த்திருந்தாள். வளையல் கடைக் கூட்டத்தில் அவன் பின்னால் நின்று இடித்ததாகவும், இவள் திரும்பி முறைத்ததாகவும், அவன் இடித்தது தானில்லை என்று காட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டதாகவும், அதோடு கூட்டம் முழுக்க அவன் கையைத் தூக்கியபடியே நடந்ததாகவும் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் தடவை சொல்லும்போது அன்னக்கிளிக்கு விஷயம் புரிந்தது. “கெட்டினா அவரத்தான் கெட்டுவேன்” என்று நாலாம் தடவை அவளே சொல்லிவிட்டாள். முறை சரி, குடும்பம் சரி. சொல்லி அனுப்பினார்கள். கொல்லம் ஆயிரத்து நூற்று முப்பது, அதாவது இங்கிலீஷ் கணக்கில் ஐம்பத்தைந்து, தை மாதம், நல்ல நாள் பார்த்து வந்தார்கள்.

“இன்னிக்கு ஒரு நாளு வாயப் பொத்திக்கிட்டு இருங்க” என்று அன்னக்கிளி காலையிலேயே சொல்லி வைத்தாள்.

“நான் என்னட்டி பேசப் போறேன்? எனக்க மவளுக்க காரியமில்லா” என்றார் பொன்னுலிங்கம். அவர் அப்போது மனசாரத்தான் சொன்னார்.

குமாரதாசும் செல்வதாசும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தட்டில் முந்திரிக்கொத்து வந்தது. குமாரதாஸ் ஒன்றைக் கடித்துவிட்டு, “ஏ அப்பா! என்ன ருசி! யாரு செஞ்சது?” என்றார்.

புகழ்ச்சியைக் கேட்டதும் பொன்னுலிங்கத்துக்கு உள்ளே என்னவோ துடித்தது. “எண்ணெ காறிப்போச்சு அத்தான். ரெண்டுக்கு மேல தின்னா வயிறு போயிரும்” என்றார்.

செல்வதாஸ் மூன்றாவதுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“வீடு காத்தோட்டமா நல்லா இருக்கு மச்சான்.”

“காத்தா? ஆடி மாசம் வந்து பாருங்க. ஓடு பறக்கும். நாங்க நாலு மூலையிலயும் ஆளுக்கொரு பாத்திரம் வச்சிக்கிட்டு இருப்போம்.”

“பிள்ள நல்லாச் சமைப்பாளா?”

“சோறு வச்சா கஞ்சியாவும், கஞ்சி வச்சா சோறாவும் அத்தான்.”

அடுப்படியில் அன்னக்கிளி தலையில் அடித்துக்கொண்டாள். குமாரதாஸ் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து தன் மலாயாக் கதையை எடுத்தார்.

“மச்சான், நான் பல தேசத்து ஆளுகளோட பழகினவன். எங்க தோட்டத்து தொரைக்கு குன்னு மேல பங்களா. காரு, சமையக்காரன், நாய்க்குத் தனியா ஒரு ஆளு. காலம்பற ‘எப்பிடி இருக்கீங்க’ன்னு கேட்டா ‘ரொம்ப நல்லா இருக்கேன்’ன்னு பட்டுன்னு சொல்லுவான். அவன் ஊருல அப்பிடித்தான் சொல்லணுமாம். சாயந்தரம் அந்த நாயக் கூட்டி வச்சிக்கிட்டு ஒத்தைக்குக் குடிச்சு அழுவான். நாய்க்கும் மனசு செரியில்லாமப் போச்சு. எதுத்தாப்புல சீனன் மளிகைக் கடை. உள்ள நடக்க எடம் கெடையாது, அவ்வளவு சாமான். எப்பக் கேட்டாலும் ‘யாவாரமே இல்ல’ம்பான். அவன் வருசப் பெறப்புக்கு வெடி போட்டான்னா தோட்டத்து மாடெல்லாம் கயித்த அறுத்துக்கிட்டு ஓடும். ஆத்தங்கரையில ஒரு மலாய்க்காரன். அஞ்சாறு தென்ன, ஒரு படகு, வேற ஒண்ணும் கெடையாது. அவனுட்ட கேட்டா, ‘சாப்பிட்டியா, வா, மொதல்ல சாப்பிடு’ம்பான். கேள்விக்குப் பதிலே சொல்ல மாட்டான். பொறவு நாலு பேரக் கூட்டிப் பாட்டுப் பாடுவான்.”

“நம்ம ஆளுக?” என்றார் பொன்னுலிங்கம், தன்னை அறியாமல்.

“நம்ம ஆளுக கையில கெடச்சத முடிஞ்சு வச்சு, ஊருக்குப் போயி சந்தோசமா இருக்கலாம்னு இருந்தாவ. பாதிப் பேரு ஊருக்கே வரல்ல.” குமாரதாஸ் துவர்த்தால் கண்ணாடியைத் துடைத்தார். “அதுனால சொல்லுதேன் மச்சான். எனக்குப் பணமோ பண்டமோ வேண்டாம். சிரிச்சுக்கிட்டு இருக்க ஒரு வீட்டுல பொண்ணெடுக்கணும். நீங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இந்த வீட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்கியளா?”

பொன்னுலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. பட்டப்பகலில், நடையைத் திறந்து போட்டுக்கொண்டு, தெருவில் ஆள் போகும்போது, ஒரு மனிதன் கேட்கிற கேள்வியா இது? ‘ஆமா’ என்று ஒரு சொல் சொன்னால் மகளுக்குக் கல்யாணம். அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார். சுட்டது.

“எங்க அத்தான் சந்தோசம்! இந்த வீட்டுல ஒருத்தர் சிரிச்சு நான் பாத்ததில்ல” என்றார்.

சரியாக அந்த நேரம் அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. செல்வதாஸ் கையை மடியில் வைக்கத் தெரியாமல், திருவிழாவில் செய்தது போலவே அந்தரத்தில் தூக்கி வைத்திருந்ததைத் தேவகனி கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் அடக்க முடியாமல் சிரிக்க, அதட்டப்போன அன்னக்கிளியும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

குமாரதாசின் முகம் மலர்ந்தது. “யாரோ சிரிக்காவளே!”

“சிரிப்பா? அது சிரிப்பில்ல அத்தான்” என்றார் பொன்னுலிங்கம். “அது எளப்பு. அவளுக்கு அப்பப்பம் மூச்சு இளுக்கும். மவளுக்கும் கொஞ்சம் உண்டு.”

உள்ளே சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் ராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் கொண்டுவரும் வியாகுலம்மாள் பதிலையும் கொண்டுவந்தாள். குமாரதாஸ் அவளிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். “எளப்பு கிளப்பெல்லாம் ஒரு காரியமில்ல, வைத்தியம் பாத்துக்கிடலாம், ஆனா ஒருத்தரும் சிரிக்காத வீட்டுல பொண்ணெடுக்க மனசு வரல்லன்னு சொல்லச் சொன்னாரு” என்றாள். சொல்லிவிட்டுக் கூடையை இறக்கிவைத்தாள். “மாதாவே! இந்த வீட்டுலயா சிரிப்பில்ல? மீனு வாங்க வந்தா இந்த அன்னக்கிளி பண்ணுத கூத்துல எனக்கு வெல மறந்துல்லா போவும்!”

தேவகனி அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீடு பொன்னுலிங்கம் இத்தனை வருடமாக ஊருக்குச் சொல்லிவந்த வீடாகவே ஆகிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அன்னக்கிளி சோற்றை வைப்பாள், குழம்பை ஊற்றுவாள், போய்விடுவாள். கடைக்கு வருகிறவர்களைப் போலப் பேசிக் காட்டும்படி அவராகவே ஒருநாள் கேட்டுப் பார்த்தார். “எனக்கு எளப்புல்லா, பேசக் கூடாது” என்றாள். தேவகனி சோறு வைத்தால் உண்மையிலேயே கஞ்சியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வைக்கிறவளுக்கு எது சோறு, எது கஞ்சி? ஜன்னலைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லை. பொன்னுலிங்கம் பழக்கத்தால் எழுந்து போய், திறந்தே கிடந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

கடையிலும் காரியம் கெட்டது. வழக்கமான ஆள் ஒருவர் வந்து, “சொகமா மொதலாளி?” என்றார். பொன்னுலிங்கம் துவர்த்தை எடுத்தார். பெருமூச்சு வந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. பொய்யாக அழத் தெரிந்த மனிதருக்கு நிஜமாக அழ வரும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுத் துக்கத்தைக் கடையில் வைத்துச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. குனிந்துகொண்டு, “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டார்.

கேட்டவர் கையிலிருந்த குலையைக் கீழே போட்டார்.

கம்போளம் முழுக்கப் பரவிவிட்டது. பொன்னுலிங்கம் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டாராம்! ஏதோ பெரிசாக நடந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் நாலைந்து பேர் துவர்த்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துட்டி கேட்க வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் அன்னக்கிளி உயிரோடு நிற்பதைப் பார்த்தார்கள், தேவகனி உயிரோடு நிற்பதைப் பார்த்தார்கள், பசுவையும் எட்டிப் பார்த்தார்கள். யார் செத்ததென்று கேட்கத் தயங்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

வியாகுலம்மாள்தான் நேரடியாகப் பேசினாள். “மொதலாளி, நான் சொல்லுதேன்னு கோவிக்கப்பிடாது. வாற வெள்ளிக்கிழம அந்த ராஜாக்கமங்கலத்துக்காரரு தோவாளையில ஒரு பிள்ளைய பாக்கப் போறாரு. பூந்தோட்டக்காரரு வீடு. அங்க எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு இருப்பாவளாம். நீங்க அதுக்கு முந்தி போயி ‘நாங்க சந்தோசமாத்தான் இருக்கோம்’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. ஒரு வார்த்ததானே?”

“ஒரு வார்த்ததான்” என்றார் பொன்னுலிங்கம், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

அன்னக்கிளி கதவைச் சாத்திவிட்டு அவரை எதிரே உட்கார வைத்தாள். “சொல்லுங்க. நாங்க.”

“நாங்க.”

“சந்தோசமா.”

அவருக்குத் தும்மல் வந்தது. தண்ணீர் கேட்டார். உத்தரத்தில் பல்லி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். “பல்லி ஓடிப்போச்சு, சொல்லுங்க” என்றாள் அன்னக்கிளி. சிரமப்பட்டு, “நாங்க சந்தோசமா இருந்தாலும் இருக்கலாம்” என்பது வரைக்கும் வந்தார். அதற்கு மேல் நகரவில்லை. உள்ளே படுத்திருந்த தேவகனி, “விடும்மா. அவியளுக்கு வராது” என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் பரிதாபப்பட்டுச் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் கடையிலேயே நல்ல ஏத்தன் குலை ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, அன்னக்கிளியோடு ராஜாக்கமங்கலம் பஸ் ஏறினார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே இருந்தது. முன் சீட்டுக்காரர் ஏதோ மந்திரம் சொல்கிறாராக்கும் என்று பவ்யமாகத் தள்ளி உட்கார்ந்தார்.

குமாரதாஸ் தோப்பிலிருந்து வந்து வரவேற்றார். பெரிய வீடு. கடல் காற்று. உள்ளே நாற்காலிகள் போட்டது போட்டபடி இருந்தன, ஒருவரும் உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. பொன்னுலிங்கம் குலையை இறக்கி வைத்தார்.

“ஏ அப்பா, எப்பேர்ப்பட்ட குல!” என்றார் குமாரதாஸ்.

“கொள்ளாத குல அத்தான். மாடுகூடத் திங்காது” என்றார் பொன்னுலிங்கம்.

அன்னக்கிளி அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“இல்ல... நல்ல குலதான்” என்று முனகினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சரக்கைத் தானே நல்லது என்று சொன்னதில் காது சிவந்துவிட்டது. “அத்தான், நான் வந்த காரியம் என்னன்னா... எனக்க வீட்டுல... நாங்க வந்து...” என்று இழுத்தார். பல்லி தேடினார். அந்த வீட்டில் பல்லியும் இல்லை.

“சொல்ல வரல்லன்னா விட்டுருங்க மச்சான்” என்றார் குமாரதாஸ்.

“வரல்ல அத்தான். வரல்ல!” என்றார் பொன்னுலிங்கம். “ஒரு மட்டம் சொன்னேன். தேவகனிக்கு முந்தி எங்களுக்கு ஒரு பயல் உண்டு. பகவதியப்பன்னு பேரு. நாலு வயசு. நல்ல செவப்பா, உருண்டு திரண்டு இருப்பான். ஒரு நாளு தோள்ல வச்சிக்கிட்டுத் தெருவுல நின்னேன். ஒருத்தன் சொகமான்னு கேட்டான். ‘எனக்கென்ன கொற? ராசா மாதிரி இருக்கேன்’ன்னேன். வைசூரி வந்துச்சு. அடுத்த அமாவாசிக்குப் பய இல்ல.” துவர்த்தை வாயில் வைத்துக்கொண்டார். “அதுக்குப் பொறவு அந்தச் சொல்ல நான் சொன்னதில்ல. இந்தப் பிள்ளைய காப்பாத்தணும்னுதான் ஊரு முழுக்கப் பொலம்பிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பம் அதே வாயாலத்தான் அவளுக்க வாழ்க்கையும் போச்சு.”

அன்னக்கிளி அசையாமல் நின்றாள். பிள்ளை போன நாளிலிருந்து இன்றுவரை அவர் அவன் பேரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவர் சொல்லாததற்கு வேறு காரணம் நினைத்து வைத்திருந்தாள். அன்றைக்குப் பிள்ளைக்குச் சூடு கண்டதை ஒரு நாள் பிந்திக் கவனித்தவள் அவள். அதை அவர் மனதில் வைத்திருக்கிறார், தன்னோடு வாழ்வதில் அவருக்கு ஒரு நிறைவு கிடையாது, வீட்டில் சிரிப்பதெல்லாம் தன்னைத் தேற்றுவதற்காகத்தான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அதற்காகவே விடாமல் சிரிக்க வைத்துக்கொண்டும் இருந்தாள்.

குமாரதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வழக்கம் எனக்குத் தெரியாம இல்ல மச்சான். நானும் இந்த மண்ணுக்காரந்தான். அன்னிக்கு நீங்க எளப்புன்னு சொன்னப்பமே அது எளப்பில்லன்னு எனக்குத் தெரியும்.”

“தெரியுமா!”

“தெரியும். சிரிச்சாலும் அத வாய் திறந்து ஒத்துக்கிடாத வீடுன்னுதான் மனசு வரல்ல. காரணத்தக் கேளுங்க. ஜப்பான்காரன் காலத்துல எனக்க பெஞ்சாதி முத்துக்கனி காய்ச்சல்ல கெடந்தா. மருந்து கெடையாது. போவதுக்கு முந்தி எனக்க கையப் பிடிச்சிக்கிட்டு, ‘என்னக் கெட்டிக்கிட்டு நீங்க சந்தோசமா இருந்தியளா?’ன்னு கேட்டா. இருந்தேன் மச்சான். அவள மாதிரி ஒருத்தி கூட இருந்தா எந்தத் தேசத்துலயும் இருக்கலாம். ஆனா எனக்க வாயில என்ன வந்திச்சு தெரியுமா?” அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “‘ஏதோ கெடந்தோம்’ன்னேன். வாய்ப்பழக்கம். அவ தலைய ஆட்டிக்கிட்டா. அவ்வளவுதான். திருத்திச் சொல்ல எனக்கு நேரம் கெடைக்கல்ல. சொல்லாம வச்சிருந்ததால அவ பொழைச்சுக்கிடவும் இல்ல.”

பொன்னுலிங்கத்தின் வாயிலிருந்த துவர்த்து நழுவித் தரையில் விழுந்தது.

“எனக்க மகன் கெட்டுத பிள்ள அப்பிடி ஒரு பதிலக் கேட்டுறப்பிடாது. அதுக்குத்தான் வீடு வீடாப் போயி கேக்கேன். தோவாளையிலயும் அதத்தான் கேப்பேன். நீங்க எங்கிட்ட சொல்லவே வேண்டாம் மச்சான். நான் யாரு?” என்றார் குமாரதாஸ்.

பொன்னுலிங்கம் திரும்பி அன்னக்கிளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கை தன்னையறியாமல் துவர்த்தைத் தேடியது, அது தரையில் கிடந்தது.

“ஏட்டி” என்றார்.

“என்ன?”

“நான் சந்தோசமாத்தான் இருக்கேன், கேட்டியா? உன்னக் கெட்டின நாளுலேருந்து. பய போன வருசத்தத் தள்ளி. அந்த வருசமும் நீ இல்லன்னா நான் கெடந்திருக்க மாட்டேன்.”

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அண்ணாந்து பார்த்தார். வீட்டு உத்தரம் அப்படியே இருந்தது. கடல் சத்தம் கேட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனாலும் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அன்னக்கிளி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அது தன் வீடு இல்லை என்பதையே மறந்து விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு கை வற்றல் மிளகாயும் கல்லுப்புமாக வந்தாள். புருஷனை உட்கார வைத்துத் தலையைச் சுற்றினாள். குமாரதாசையும் விடவில்லை. சத்தம் கேட்டுத் தோப்பிலிருந்து ஓடிவந்த செல்வதாசையும் பிடித்து நிறுத்திச் சுற்றினாள். அவன் பயந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். தன்னையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, துப்பச் சொல்லித் துப்ப வைத்து, எல்லாவற்றையும் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

கண்ணு விழுந்திருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். வந்தது பாருங்கள் ஒரு நெடி! வீடு நிறையப் புகை. செல்வதாஸ் வாசலுக்கு ஓடினான். குமாரதாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருமினார், தும்மினார், கண்ணில் தண்ணீர் கொட்ட, “தங்கச்சி, தேவகனிக்கு எளப்பு வந்தா இப்பிடித்தான் இருக்குமோ?” என்றார்.

“வெள்ளிக்கிழம?” என்றார் பொன்னுலிங்கம், இருமலுக்கு நடுவே.

“வெள்ளிக்கிழம நான் கோட்டாத்துக்கு வாறேன் மச்சான். நாளு குறிக்கணும்லா. அந்த முந்திரிக்கொத்து மிச்சமிருந்தா எடுத்து வைங்க.”

பொன்னுலிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனார். அன்னக்கிளி அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா, இருமுகிறாளா, அழுகிறாளா என்று அந்தப் புகையில் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இஞ்ச பாருங்க” என்றாள், திரும்பாமலேயே. “அதை இன்னொருக்கா சொல்லுங்க. அப்பம் எனக்குக் காது செரியாக் கேக்கல்ல.”

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.